பிரேக் நட்டு நான்கு சுற்று

1. இழுக்கவில்லை என்ற கம்ப்ளைண்ட்

கிளட்ச் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளில் பாதிக்குக் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும். தொழில் தெரிந்த எவனும் இதைச் சொல்வான். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பெண் செத்துப்போனாள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தச் சாவுக்குக் காரணம் நான். எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். வொர்க்‌ஷாப்பில் நிற்கிற பிள்ளைகள் யாராவது படித்தால் போதும்.

கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பிட்டராக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவன். பிட்டர் என்பது பெயருக்குத்தான். தொழிற்சாலையில் கொழுந்து நசுக்கும் ரோலர் முதல் துரை பங்களாவின் தண்ணீர் மோட்டார் வரை எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஒருவரும் பெயர் சொல்ல மாட்டார்கள். பெரியவர்களுக்கு நான் பிட்டர், சின்னவர்களுக்குப் பிட்டரண்ணன்.

எண்பதுகளில் எஸ்டேட்டுக்கு மூன்று சக்கர வண்டிகள் இரண்டு வந்தன. ஜப்பான் சாமான், ஆனால் ஏற்கனவே யாரோ பண்ணையில் ஓட்டிக் களைத்துப்போனவை. மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில், முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகக் கொழுத்த பலூன் டயர்கள். சேற்றில் புதையாது. லோரி ஏற முடியாத மேட்டு நிரைகளிலிருந்து கொழுந்து மூட்டைகளை லோரி ரோட்டுக்கு இறக்க, பின்னால் ஒரு சின்ன டிரெய்லரை மாட்டிவிட்டோம். அது குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள் தவக்களை என்று பெயர் வைத்தார்கள். இரண்டில் ஒன்று ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. படுத்ததன் சாமான்களைக் கழற்றி மற்றதை ஓடவைத்தேன்.

ஓட்டியவன் மணியம். முப்பது வயது இருக்கும், ஒல்லி, வாய் ஓயாது. வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வான், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவனைக் கேலி செய்வதில் முதல் ஆள் லெட்சுமி.

"டேய் மணியம், ஒன் தவக்களைக்கு ஒரு மாப்பிள பாக்கட்டுமாடா? ரிங்லெட் டேம்ல நெறைய கெடக்கு."

"ஒங்க வீட்டுக்காரர மொதல்ல பாத்துக்கங்கக்கா. அடுப்புச் சூட்டுல கருகிப் போயிட்டாரு."

அவளுடைய புருஷன் காளியப்பன் தொழிற்சாலையில் டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். எல்லோரும் ஒரே லயம், தொழிலாளிகளுக்காக ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். மணியம் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று கதவுகள்தான்.

இப்போது வண்டியின் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. இடது கை லீவர், வலது கால் பெடல் இரண்டும் பின் சக்கரத்தோடு சுற்றுகிற ஒரே டிரம்மைத்தான் பிடிக்கும். ஆனால் கேபிள் தனித்தனி, கேபிளை முறுக்கும் நட்டும் தனித்தனி. ஓட்டும்போது மணியம் பெடலை மிதிப்பான். நிறுத்தி வைக்கத்தான் கை லீவர். லீவரைப் பிடித்து ஒரு பல்லில் மாட்டினால் பிரேக் பிடித்தபடி நிற்கும். எங்கள் வண்டியில் அந்தப் பல் தேய்ந்து போயிருந்தது. மாற்றுச் சாமானுக்கு எழுதிப் போட்டதோடு சரி.

கியரில் விட்டு நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். அது ஆட்டோ கிளட்ச். எஞ்சின் வேகம் இருந்தால்தான் கிளட்ச் பிடிக்கும், எஞ்சினை நிறுத்தினால் விட்டுவிடும். மேட்டில் மூக்கை வைத்து நிறுத்தினால் கியர் இருந்தாலும் பின்னால் உருளும். டயருக்குக் கல் வைக்கலாம். கங்காணி தினமும் சொல்வார். அந்தப் பலூன் டயர் சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு ஏறிவிடும், பெரிய கல்லைத் தூக்க எவனுக்கும் பொறுமை இல்லை.

அதனால் நான் ஒரு வழி செய்தேன். பழைய லோரி டியூபைக் கத்திரியால் நீள நீளமாக வெட்டி மணியத்திடம் கொடுத்தேன். லீவரை ஹேண்டிலோடு அழுத்தி ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றிச் சொருகிவிட்டால் வண்டி மேட்டில் அசையாமல் நிற்கும். நல்ல யோசனை என்று கங்காணிகூட மெச்சினார். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் லீவர் கட்டியபடி கிடந்தது. கட்டிக் கட்டிக் கேபிள் நீண்டது. நீளும்போதெல்லாம் மணியம் வருவான், நான் நட்டை ஒரு சுற்று முறுக்கி அனுப்புவேன். இப்படி எத்தனையோ தடவை.

ஒரு நாள் வேறு கம்ப்ளைண்டோடு வந்தான்.

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. எஞ்சின் கத்துது, ஆனா மேடு ஏற மாட்டேங்குதுலா. கிளட்ச் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்."

ஆயிலை மாற்றினேன். கிளட்ச் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைச் சரி பண்ணினேன். போய்விட்டான். பத்து நாளில் திரும்பி வந்தான். இந்தத் தடவை கவரைக் கழற்றிப் பார்த்தேன், பிளேட் கருகியிருந்தது. படுத்த வண்டியிலிருந்து பிளேட் எடுத்துப் போட்டேன். ஏன் கருகியது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. பழைய வண்டி, கருகத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆள் எந்த நோயோடு வந்தாலும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்புகிற எஸ்டேட் டிரஸ்ஸரை நான் கிண்டல் செய்வதுண்டு. நான் செய்ததும் அதே வைத்தியம்தான்.

2. பத்து நிமிஷம்

மூன்றாவது தடவை அவன் வந்தது கொழுந்து கொட்டுகிற சீசன். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் வெயில் என்று மாறி மாறி அடித்ததில் மலை முழுக்கத் துளிர் வெடித்திருந்தது. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. மேட்டில் மூட்டைகள் குவிந்து கிடந்தன, மத்தியானத்துக்குள் இறக்காவிட்டால் உள்ளுக்குள் சூடேறிக் கொழுந்து சிவந்துவிடும்.

அன்று ஏதோ நல்ல காலம், மூளை வேலை செய்தது. வண்டியின் பின் பக்கத்தைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றவில்லை. டிரம்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். சுர் என்றது. அப்போதே விளங்கிவிட்டது. கிளட்சில் ஒன்றுமே இல்லை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கை மிதித்தபடியே மேடு ஏறச் சொன்னால் எந்தக் கிளட்ச் தாங்கும்? நான் முறுக்கி முறுக்கி வைத்த அந்தக் கை பிரேக் நட்டுத்தான் கேபிளை இழுத்துப் பிடித்திருந்தது. டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ தேய்ந்திருக்கும், ஷூவை விரிக்கிற கேமும் துரு ஏறி இறுகியிருக்கும். பின் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் நட்டைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, ஷூ மாற்றி, கேமுக்குக் கிரீஸ் போட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அரை நாள்.

சின்ன துரை மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். உதவி மேனேஜர், வயது இருபத்தாறோ ஏழோ, எப்போதும் ஓட்டம்தான்.

"பிட்டர், எவ்ளோ நேரம்?"

"டிரம்மத் தெறக்கணும் சார். மத்தியானம் ஆயிரும்."

"மத்தியானமா? மேல கொழுந்து வேகுது மேன்! பத்து நிமிஷத்துல குடு. ஞாயித்துக்கெழம எதுன்னாலும் தெற."

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். என் கை நன்றாகவே போனது. ஆக்சில் நட்டுக்குப் போகவில்லை, கேபிள் நட்டுக்குப் போனது. அது சிறகு வைத்த நட்டு, ஸ்பேனரே வேண்டாம். விரலால் நான்கு சுற்றுத் தளர்த்தினேன். சக்கரத்தைத் தட்டினேன். ஜோராகச் சுற்றியது.

மணியம் வொர்க்‌ஷாப்புக்கு எதிர் மேட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே! புது வண்டி மாதிரி இழுக்குதுண்ணே! என்ன செஞ்சீங்க?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்குடா? போ, கொழுந்து வேகுது."

இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் மறந்ததே இல்லை. என்ன செய்தேன் என்று அவன் கேட்டான். நான் சொல்லவில்லை. வித்தை தெரிந்தவன் என்கிற திமிர். "கை பிரேக்கத் தளத்தி வச்சிருக்கேன், இனிமே ரப்பர் கட்டுனா நிக்காது, பெரிய கல்லா வையி" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கால் பெடல் பழையபடி நன்றாகப் பிடித்ததால் ஓட்டும்போது அவனுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. ரப்பரை வெட்டிக் கொடுத்தவன் நான். கட்டுகிற பழக்கத்தை உண்டாக்கியவன் நான். வண்டி மேட்டில் எப்படி நிற்கிறது என்பது அந்த எஸ்டேட்டில் என்னைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. வொர்க்‌ஷாப் புத்தகத்தில் "கிளட்ச் ஓகே" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

3. ஆறாவது மூட்டை

மறுநாள் காலை கங்காணியின் ஆள் ஒருவன் ஓடி வந்தான். மேட்டு நிறுவையில் வண்டி கவிழ்ந்துவிட்டது, அடியில் ஆள் இருக்கிறது, ஜாக்கி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றான். லோரி ரோட்டிலிருந்து மேலே ஏறக் கால் மணி நேரம். பனி இன்னும் விலகவில்லை. முதலில் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள்.

பார்த்தவர்கள் சொன்னது இது. மணியம் வழக்கம்போல மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். ரப்பர் கட்டினான். சீட்டைத் தட்டிவிட்டு இறங்கி மூட்டை ஏற்றினான். ஐந்து மூட்டை வரை வண்டி நின்றது. ஆறாவது மூட்டை டிரெய்லரில் விழுந்ததும் மெல்லப் பின்னால் நகர்ந்தது. மணியம் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான், அவனையும் இழுத்துக்கொண்டு போனது. கீழே தராசுப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து கூடையைக் கொட்டிக்கொண்டிருந்தவள் லெட்சுமி. எல்லோரும் கத்தினார்கள். அவள் நிமிர்ந்து திரும்பியதும் டிரெய்லர் இடித்ததும் ஒன்றாக நடந்தன. வடிகால் கானுக்குள் அவள் விழ, வண்டி அவள்மேல் கவிழ்ந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "அண்ணே, கூடை" என்றாள். கூடை எங்கே என்று கேட்டாளா, எடுத்து வை என்றாளா, தெரியாது. கொழுந்துச் சாக்கை இரண்டு கம்பில் கோத்து அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் லோரிக்கு ஓடினார்கள். மணியம் தோள்பட்டை கிழிந்து ரத்தம் ஒழுக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

நான் மட்டும் வண்டியோடு நின்றேன்.

லீவரைப் பார்த்தேன். ரப்பர் கட்டியபடியே இருந்தது. இரண்டு சுற்று, ஒழுங்கான சொருகல். அவன் எதையும் மறக்கவில்லை, எதையும் தளர்வாக விடவில்லை. ரப்பர் லீவரை முழுக்க அழுத்திப் பிடித்திருந்தது, ஆனால் கேபிளில் இழுவை இல்லை. முதல் நாள் எப்படியோ நின்றிருக்கிறது, கட்டிக் கட்டிக் கேபிள் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். பாதிப் பிடியில் ஐந்து மூட்டை வரை தாக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் கானுக்குள் இறங்கி, கையை நீட்டி, அந்த நட்டை நான்கு சுற்று முறுக்கினேன். ரப்பரில் ஒரு சுற்றை அவிழ்த்துவிட்டேன்.

கை தானாகப் போனது, புத்தி மழுங்கிவிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். புத்தி நன்றாக வேலை செய்தது. முதலில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற தாப்பா ரோட்டில் பாதி வளைவு இறங்குவதற்குள் லெட்சுமி போய்விட்டாள் என்று மத்தியானம் செய்தி வந்தது.

4. எல்லோரும் பார்த்த பிரேக்

மூன்றாம் நாள் வொர்க்‌ஷாப்புக்கு முன்னால் வைத்து விசாரித்தார்கள். பெரிய துரை வந்தார். ஈப்போவிலிருந்து வந்த மேனேஜர் அவர், ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் அந்த நாற்காலியை விட்டுப் போகவில்லை. சின்ன துரை, கங்காணி, ஒரு மலாய்ப் போலீஸ்காரர், மணியம், நான். வண்டியை மேட்டில் நிறுத்தி, ரப்பரை இரண்டு சுற்றுக் கட்டி, ஆறு மூட்டை ஏற்றினார்கள். அசையவில்லை. நாலு பேர் தள்ளினார்கள். அப்போதும் அசையவில்லை.

"ரெம் பாகுஸ்" என்றார் போலீஸ்காரர். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

பெரிய துரை என்னிடம் கேட்டார். "மொத நாள் வண்டி ஒங்கிட்ட வந்துச்சே, பிரேக்ல கை வச்சியா?"

"கிளட்ச் மட்டும்தான் சார் பாத்தேன்."

சின்ன துரை என்னை ஒரு தடவை பார்த்தார். டிரம்மைத் திறக்க வேண்டும் என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். பத்து நிமிஷம் என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மணியத்திடம் கேட்டார்கள். "கவுந்த வண்டியில ஒரு சுத்துதான் இருந்திருக்கு. ஒழுங்கா ரெண்டு சுத்து சுத்துனியா, இல்லியா?"

மணியம் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். "ரெண்டு சுத்துதான் சார் சுத்துவேன். எப்பவும் ரெண்டு சுத்துதான்."

"எப்பவும் கேக்கல. அன்னிக்கி?"

அவன் வெகு நேரம் யோசித்தான். நான் காத்திருந்தேன். சுத்தினேன் என்று உறுதியாகச் சொல்லிவிடுடா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், வெட்கம் கெட்டவன்.

"சுத்துனேன்னுதான் நெனைக்கிறேன் சார்… தெரியல சார்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் நின்ற இடத்துக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவில் ஆறடி இருந்திருக்கும்.

மணியத்தை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் லயத்து வீடும் போய்விடும் என்று இரக்கப்பட்டு மருந்தடிக்கிற கூட்டத்தில் போட்டார்கள். லெட்சுமியின் பாடையைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். மணியம் லயத்துக் கடைசியில் காய்கறிப் பாத்தி வேலி ஓரம் நின்றான். பக்கத்தில் வரவில்லை. பெண்கள் மண்ணை வாரி அவன் இருந்த திசையில் தூற்றினார்கள். காளியப்பன் அவன் பக்கமே திரும்பவில்லை.

5. மருந்துப் பம்ப்

எட்டு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை திறக்கச் சொன்ன டிரம்மை நான் திறக்கவே இல்லை. அந்த வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள், அதன்மேல் கொடி படர்ந்தது.

மணியம் பேச்சை விட்டுவிட்டான். காளியப்பன் வீட்டுக் கதவு அவனைக் கண்டால் சாத்திக்கொண்டது. நடுவிலிருந்த மூன்று வீட்டுக் கதவுகளும் அதையே செய்தன. லயத்துப் பொதுக் குழாயில் அவன் பெண்சாதி வாளி வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். நான் கண்ணால் பார்த்தது வேறு. வேலைக்குப் புறப்படும்போது வீட்டுக் கதவைப் பூட்டுவான், நாலு அடி போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி போவான், மறுபடி வருவான். மூன்று தடவை, நாலு தடவை. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

ஒரு சாயங்காலம், வேலை முடிகிற நேரம், முதுகில் மாட்டுகிற மருந்துப் பம்போடு வொர்க்‌ஷாப்புக்கு வந்தான். உள்ளே தோல் வாஷர் தேய்ந்து மருந்து ஒழுகியது. மாற்றிக் கொடுத்தேன். பம்பை முதுகில் மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே வாரைக் கட்டினான். அவிழ்த்தான். கட்டினான். மறுபடி அவிழ்த்தான். பிறகு என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, இத சரியா கட்டியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்களேன். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

முப்பது வயது ஆம்பிளை. இரண்டு சக்கரம் தரையில், ஒன்று அந்தரத்தில் என்று தவக்களையை வளைவில் திருப்பியவன்.

"சரியாத்தான் கட்டியிருக்க" என்றேன். "அன்னிக்கும் சரியாத்தான் கட்டியிருந்த."

அவன் விளங்காமல் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன். டிரம்மில் தண்ணீர் தெளித்துப் பார்த்தது, பத்து நிமிஷம், நட்டு, கானுக்குள் இறங்கியது, ரப்பரை அவிழ்த்தது, எல்லாம்.  

"எத்தன சுத்து?"

"நாலு."

வலது கையைத் தூக்கினான். இல்லாத ஒரு நட்டைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, காற்றில் ஒவ்வொன்றாக நான்கு தடவை சுற்றினான். முடித்துவிட்டு அந்தக் கையையே பார்த்தான்.

"எட்டு மாசமா தூங்கலண்ணே நானு. கண்ண மூடுனா ரப்பர்தான். ஒண்ணா, ரெண்டா, ஒண்ணா, ரெண்டான்னு. எம் பொண்டாட்டி கேக்குறா, மறந்துட்டீங்களான்னு. அவளுக்குக்கூட என்னால சொல்ல முடியல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்திலேயே ஸ்பேனர் கிடந்தது.

"மன்னிச்சிருடா மணியம்."

"எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவுறது? காளியப்பண்ணன்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே வாங்க."

பம்பைக்கூட இறக்காமல் முன்னால் நடந்தான். நான் பின்னால் போனேன். எஸ்டேட்டில் சேர்ந்ததிலிருந்து நடந்த வழிதான், அன்றைக்கு முடியவே இல்லை.

காளியப்பன் வாசல்படியில் உட்கார்ந்து சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அடுப்பு விறகு தூக்கிக் காய்த்துப்போன விரல்கள், பின்னலைத் தப்பும் தவறுமாகப் போட்டன. மணியத்தைக் கண்டதும் எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்ல வரலண்ணே. பிட்டரண்ணன் சொல்வாரு, கேளுங்க" என்று மணியம் ஒதுங்கி நின்றான்.

பெண்ணை உள்ளே அனுப்பச் சொன்னேன். "அவளும் கேக்கட்டும்" என்றார். அவள் முன்னாலேயே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முழுக்கச் சொல்லி முடித்தேன்.

காளியப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ பாடைய நீங்கதான முன்னால தூக்குனீங்க?"

"ஆமாம்."

அதற்கு மேல் என்னிடம் அவர் பேசவில்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி. மணியம் பக்கம் திரும்பினார். "அந்தப் பம்ப எறக்கி வையிடா. உள்ள வா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். மணியம் வாரை அவிழ்த்தான், ஒரே தடவையில். இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நின்றேன்.

6. சொல்லிவிட்டுக் கொடுப்பது

மறுநாள் பெரிய துரையிடம் போனேன். கேட்டுவிட்டு, "போலீஸ் பைல் மூடியாச்சு. செத்தவ திரும்பி வரப்போறதில்ல. வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றார். அதற்கடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில், எல்லோரும் நிற்கும்போது நான் முன்னால் போய் நின்று மணியத்தின் மேல் தப்பில்லை என்று சத்தமாகச் சொன்னேன். அன்றே வேலை போயிற்று. வீடும் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. எனக்குத் தண்டனை கிடைக்காததில் மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை கிடைத்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ரிங்லெட்டில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். லெம்பா பெர்த்தாமிலிருந்து வருகிற காய்கறி லோரிகள், விவசாயிகளின் மோட்டார் சைக்கிள்கள், சில சமயம் அதே மாதிரி மூன்று சக்கர வண்டிகள். இதைப் படிக்கிற மெக்கானிக்குகளுக்கு நான் சொல்லக்கூடியது அங்கே பழகிக்கொண்டதுதான். இழுக்கவில்லை என்றால் கிளட்சைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஓடி வந்த டிரம்மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு கோளாறை இன்னொரு இடத்தைத் தளர்த்திச் சரி செய்யாதீர்கள், அது சரி செய்வதல்ல, கோளாறை இடம் மாற்றுவது. சுமையோடு மேட்டில் நிறுத்திப் பார்க்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். யார் நின்று அவசரப்படுத்தினாலும் சரி. கடைசியாக, எதைத் தொட்டீர்கள், எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்பதை ஓட்டுகிறவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மணியம் மறுபடி எஸ்டேட் வண்டி ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலையில் காளியப்பனோடு அடுப்பு வேலைக்குப் போனான். சில வருடங்கள் கழித்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். ரிப்பேருக்கு என்னிடம்தான் கொண்டுவருவான். ரிங்லெட்டில் வேறு வொர்க்‌ஷாப்பும் இருந்தது. ஏன் என்னிடம் வருகிறான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அண்ணே என்று கூப்பிடுவதையும் விட்டிருந்தான்.

வேலை முடிந்ததும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சொல்லுங்க" என்பான். நான் சொல்வேன். பின் பிரேக் ஷூ மாற்றியிருக்கிறேன். கேபிள் நட்டு இரண்டு சுற்று முறுக்கியிருக்கிறேன். கிளட்ச் கேபிளைத் தொடவில்லை. அவன் முழுக்கக் கேட்பான். கேட்டுவிட்டு, குனிந்து, அந்த நட்டைத் தன் விரலால் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பான். பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்வான்.